அக்கா பேத்திக்கு மதுரையைச் சுற்றிக் காட்டினேன்

இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தி உங்களைப் பட்டினி போட்டவன்தானே, பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கடைசிவரை படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

புனேயில் இருக்கும் என் அக்காவின் பேத்தி போன வாரம் மதுரைக்கு வந்திருந்தாள். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அக்காவுக்கு முட்டி வலி, வர முடியவில்லை. "தாத்தா, மூணு நாள்தான் இருக்கு. பாட்டி பிறந்த ஊரை முழுசாக் காட்டணும்" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் வரலாறு நடத்தியவனிடம் இப்படிக் கேட்கலாமா? அன்று இரவே தாளில் அட்டவணை போட்டுவிட்டேன்.

முதல் நாள் காலை ஆறரை மணிக்கே கிளம்பினோம். வருகிறவர்களை எல்லோரும் நேராகக் கோயிலுக்குத்தான் கூட்டிப்போவார்கள். நான் வெளியிலிருந்து உள்ளே போகிறவன். மதுரையைப் புரிந்துகொள்ள அதுதான் வழி. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள், மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கடுத்து மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிகிறது. சாமி எந்த மாதம் எந்த வீதியில் உலா வருகிறதோ அந்த மாதத்தின் பெயர் வீதிக்கு. அப்படியானால் சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? இது என் பழைய பரீட்சைக் கேள்வி, பாதிப் பேர் கோட்டை விட்டது. மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விடை.

அவளுக்கு மாதப் பெயர்கள் புரிந்தன. "வெளி வீதின்னா என்ன தாத்தா? எதுக்கு வெளியே?" என்று கேட்டாள். "கோட்டைக்கு வெளியே" என்றேன். "கோட்டை எங்கே?" என்று நாலாபக்கமும் பார்த்தாள். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பக்கம் லாரி ஷெட்டு, இன்னொரு பக்கம் டீக்கடை.

பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மேலவாசலுக்குக் கூட்டிப்போய், மிஞ்சி நிற்கும் கொத்தளத்தைக் காட்டினேன். தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைக் கடந்து பஸ் ஏறுகிறார்கள், திரும்பிப் பார்ப்பவர் குறைவு. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் கட்டிய பெரிய கோட்டையின் மிச்சம் அது. கோட்டைக்கு 72 கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் பொறுப்பு என்பார்கள். சுற்றிலும் அகழி.

கும்பினி ஆட்சி வந்த பிறகு பாளையங்கள் அடங்கின, படையெடுப்பு பயம் போயிற்று. கோட்டையால் பயன் இல்லை, தொந்தரவு மட்டும் மிஞ்சியது. ஜனங்கள் பெருகி, மதிலுக்குள் காற்றோட்டம் இல்லாமல் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். அகழியில் தண்ணீர் தேங்கி நோய் பரவியது. அப்போது கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் ஒரு யோசனை செய்தார். சர்க்கார் பணத்தைக் கொட்டி இடிப்பதற்குப் பதிலாக, மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்தார். சில வருஷங்களில் கோட்டை காணாமல் போனது. வேலையை அளந்து மேற்பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரும் அங்கே உருவான வீதிகளுக்கு வந்தன. மாரட் வீதியில் லாட்ஜ் தேடி அலையும் எத்தனை பேருக்கு மாரட் யார் என்று தெரியும்!

அவள் நோட்டை எடுத்துக் கோட்டுப்படம் போட ஆரம்பித்தாள். இருக்கும் வீதிகளுக்கு அழுத்தமான கோடு, இல்லாத மதிலுக்குப் புள்ளிக் கோடு. நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் எனக்கு இந்த யோசனை வரவே இல்லை.

அங்கிருந்து மகால். திருமலை நாயக்கர் 1636ல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது மூல அரண்மனையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்த நல்ல வேலைப்பாடுகளைப் பெயர்த்துக் கொண்டுபோனார். மிச்சமும் விழுந்துவிடும் நிலையில் இருந்ததை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். தூண்களைக் கட்டிப்பிடித்து அளந்து பார்த்தாள், கை எட்டவில்லை. பிறகு பத்துத்தூண் சந்து. ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் ஆகாயத்தைத் தாங்குவதுபோல் நிற்கும் பத்துக் கல்தூண்கள். அவையும் அரண்மனையைச் சேர்ந்தவைதான். கூரை போய்விட்டது, தூண் நிற்கிறது. நைட்டி தொங்கவிடக் கொடி கட்ட வசதியாக இருக்கிறது.

விளக்குத்தூணில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடித்தோம். அந்த விளக்குத்தூணே பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான் என்றேன். "கோட்டையை இடிச்சவருக்கா நினைவுச் சின்னம்?" என்று சிரித்தாள்.

சாயங்காலம் மேல மாசி வீதி. 1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு வந்தபோது தங்கிய வீடு அங்கேதான் இருக்கிறது. இப்போது கீழே காதிக் கடை. வழியெல்லாம் அவர் கதர் கட்டச் சொன்னபோது, வாங்கக் காசு இல்லையே என்று ஏழைகள் சொன்னார்கள். செப்டம்பர் 22ஆம் தேதி காலை, முழு உடையைக் களைந்து முழங்காலளவு துண்டோடு அவர் வெளியே வந்தது அந்த வீட்டிலிருந்துதான். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் காந்தி உருவம் எங்கள் ஊரில் பிறந்தது என்று மார்தட்டிக்கொண்டேன். மதுரைக்காரனுக்கு இந்த அளவுக்காவது பெருமை அடித்துக்கொள்ள உரிமை உண்டு.

இரண்டாம் நாள் கோயில். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போன் உள்ளே கூடாது. ஒப்படைத்துவிட்டு வந்தவள் நோட்டையும் பென்சிலையும் மட்டும் வைத்திருந்தாள். எதிரே புதுமண்டபம், அதற்கும் கிழக்கே கட்டி முடிக்கப்படாத ராயகோபுரம். கோயிலுக்குள் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணத் தொடங்கி நூறோடு விட்டுவிட்டாள். 985 என்று நானே சொல்லிவிட்டேன். கால் வலித்ததும் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம்.

அங்கே உட்கார்ந்தால் நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு பாடம் உண்டு. உங்களில் நிறையப் பேருக்கு மனப்பாடமாக இருக்கும். அதை அவளுக்கும் சொன்னேன்.

1939 ஜூலை 8ஆம் தேதி காலை. வழக்கறிஞரும் காங்கிரஸ்காரருமான வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத தாழ்த்தப்பட்ட மக்களில் ஐந்து பேரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் நுழைந்து மீனாட்சியைத் தரிசித்தார். பின்னாளில் அமைச்சராக இருந்து எளிமைக்குப் பெயர் பெற்ற கக்கன் அந்த ஐவரில் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு வாசலில் நின்று மரியாதையோடு வரவேற்றார்.

இது சாதாரணக் காரியம் இல்லை என்பதற்கு அவளுக்குக் கமுதிக் கதையைச் சொன்னேன். 1897ல் கமுதியில் நாடார்கள் சிவன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதற்காக அவர்கள்மேல் வழக்கு. கோயில் தீட்டுப்பட்டது, பரிகாரச் செலவைக் கொடு என்று கேட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908ல் நாடார்கள் தோற்றார்கள். வழக்கம் என்று ஒன்று இருந்தால் சட்டமும் அதன் பக்கம்தான் என்று ஆயிற்று. 1936ல் திருவிதாங்கூரில் மகாராஜா ஓர் அறிவிப்பால் கோயில்களைத் திறந்துவிட்டார். இங்கே அப்படி ராஜா உத்தரவு எதுவும் இல்லை. நுழைந்தவர்கள் மேலும், நுழையவிட்ட அதிகாரி மேலும் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்ற நிலை. அதனால்தான் ராஜாஜி தலைமையில் இருந்த மாகாண அரசு அவசர அவசரமாகச் சட்டம் கொண்டுவந்து அவர்களைக் காப்பாற்றியது. 1947ல் மாகாணம் முழுவதற்கும் பொருந்தும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் நோட்டைப் புரட்டி நேற்றுப் போட்ட படத்தைப் பார்த்தாள். "தாத்தா, அந்த மதிலை இடிச்சவங்களுக்கு நிலம் கிடைச்சது. இந்த வாசலைத் திறந்தவங்களுக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டாள்.

பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்ததையும், வைதிகர்கள் எதிர்ப்புக் கூட்டம் போட்டதையும், மீனாட்சியே கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று பேசியதையும், வைத்தியநாத ஐயரைச் சொந்த ஜாதிக்காரர்களே ஒதுக்கியதையும் சொன்னேன். அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள்.

"நம்ம எள்ளுத் தாத்தாவும் கோயிலுக்கு வர்றதை நிறுத்திட்டாராமே? கிளம்புறப்போ பாட்டி சொன்னாங்க. உன் தாத்தா கிட்ட கேளு, அவன்தான் வரலாறு வாத்தியார்னாங்க."

பிள்ளைகளே, அந்தப் படியில் எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

அக்கா சொன்னது நிஜம். என் தாத்தா கீழ மாசி வீதியில் ஒரு தானிய மண்டியில் கணக்கு எழுதினார். தினமும் விடியற்காலை வைகையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் மண்டிக்குப் போவார். 1939 ஜூலையோடு அதை நிறுத்தினார். ஐந்து வருஷத்துக்கு மேல் அவர் அந்தக் கோபுரத்துக்குள் கால் வைக்கவில்லை. சித்திரை வீதி வழியாகப் போக வேண்டிய வேலை இருந்தால்கூடச் சுற்றிக்கொண்டு ஆவணி மூல வீதியில் போவாராம். எங்கள் சின்ன அத்தை கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை மீனாட்சிக்கு வைக்காமல் எப்படி என்று பாட்டி பிடிவாதம் பிடித்த பிறகுதான் மறுபடி போனார். போனதைப் பற்றியும் பேசவில்லை, போகாததைப் பற்றியும் பேசவில்லை.

பாட்டி? வெள்ளிக்கிழமைதோறும் நாத்தனார் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். "சாமி அங்கேதான் இருக்கு, இந்த மனுசன்தான் வெளியே போயிட்டார்" என்று என் அம்மாவிடம் சொன்னாளாம். அம்மா சொல்லித்தான் அக்காவுக்கும் எனக்கும் தெரியும்.

தாத்தா கெட்டவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மண்டி மூட்டை தூக்குபவர்களுக்குக் கூலியில் ஒரு காசு குறைத்து எழுதமாட்டார் என்று பேர் வாங்கியவர். என்னை மடியில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அதே மனிதர்தான், இன்னொரு மனிதன் சாமி கும்பிட்டதால் சாமியே போய்விட்டது என்று நம்பினார். இரண்டும் ஒரே ஆள்.

இதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "இதை ஏன் தாத்தா யாருக்கும் சொல்லலை? ஸ்கூல்ல சொல்லியிருக்கலாமே" என்றாள், அவ்வளவுதான்.

இப்போது நான் பதில் சொல்ல வேண்டியவரிடம் வருகிறேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு பத்தாம் வகுப்பு. நான் ஆலயப் பிரவேசப் பாடத்தை ரொம்ப உணர்ச்சியாக நடத்தி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். படிப்பில் கெட்டிக்காரன். அவன் தாத்தா பாட்டி காலத்தில் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடும்பம். "சார், அன்னைக்கு உங்க வீட்ல என்ன சார் சொன்னாங்க?" என்று கேட்டான். குரலில் குசும்பு துளியும் இல்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்."

வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது. ஆனால் மறுநாளும் சொல்லவில்லை, அடுத்த வருஷமும் சொல்லவில்லை, ஓய்வு பெறும்வரை சொல்லவில்லை. வருஷா வருஷம் வைத்தியநாத ஐயர் பெயரைச் சொன்னேன், கக்கன் பெயரைச் சொன்னேன், "வைதிகர்கள் எதிர்த்தனர்" என்று ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அந்த வைதிகர் யார், அவர் எந்தத் தெருவில் இருந்தார், சாயங்காலம் யாருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார் என்பதை மட்டும் மறைத்துவிட்டேன். கேட்டவர்கள் எல்லாம், எதிர்த்தவர்கள் எங்கேயோ இருந்த வேற்று மனிதர்கள் என்று நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்கவைத்தது என் தப்பு.

மூன்றாம் நாள் காந்தி மியூசியம் போனோம். ராணி மங்கம்மாள் கால அரண்மனை அது, தமுக்கம். 1959ல் நேரு வந்து மியூசியத்தைத் திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மேல மாசி வீதி வீட்டில் அவர் முதன்முதலாக உடுத்திய கோலமும், கடைசி நாள் துணியும் ஒரே ஊரில், சில மைல் தூரத்தில். நடுவில் 1946ல் அவர் மறுபடி மதுரைக்கு வந்து, வாசல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மீனாட்சி கோயிலுக்குள் போனார். அந்த நேரத்தில் என் தாத்தாவும் கோயிலுக்குத் திரும்பியிருந்தார். காந்தி வந்த அன்று கூட்டத்தில் அவர் இருந்தாரா என்று அவள் கேட்டாள். வீட்டில் யாரும் அதைக் கேட்டு வைக்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

ரயில் ஏற்றிவிடும்போது அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். மதுரை வீதிகளின் படம். வெளி வீதியை ஒட்டிப் புள்ளிக் கோடு. கோயிலைச் சுற்றியும் ஒரு புள்ளிக் கோடு போட்டு, பக்கத்தில் தப்பும் தவறுமாகத் தமிழில் "1939" என்றும் "எள்ளுத் தாதா" என்றும் எழுதியிருந்தாள். ஒற்று விட்டுப்போயிருக்கிறது. திருத்த மனம் வரவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கடைசி பெஞ்சு மாணவனுக்கு: தம்பி, உன் பெயரை நான் இங்கே எழுதவில்லை, நீ சம்மதிக்காமல் எழுதுவது முறையில்லை. நீ இப்போது நல்ல உத்தியோகத்தில் இருப்பதாக உன் கூட்டாளிகள் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டாய். சொன்னது இதுதான், மேலே எழுதியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் தாமதம். உன்னைச் சிரிப்புக்கு ஆளாக்கி உட்காரவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மதுரை வந்தால் வீட்டுக்கு வா. வர விருப்பம் இல்லையென்றாலும் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மற்ற பிள்ளைகளுக்கும் உறவுகளுக்கும் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் எண்பது வயதுக்கு மேல் யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, 1939லும் அதற்குப் பிறகும் நம் வீட்டில் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். நல்லதைச் சொன்னால் நல்லதை எழுதி வையுங்கள். நம் பெரியவர்கள் தப்பான பக்கம் நின்றிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். எங்கள் உறவினரில் சிலருக்கு நான் இதைப் பொதுவில் எழுதியதில் வருத்தம் இருக்கும், தெரியும். போனில் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். அடுத்த முறை தெப்பக்குளத்தைப் பற்றி எழுதுகிறேன், அது இவ்வளவு நீளம் வராது.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்